பாறை அடுக்கும் பழங்கடலும்

இன்று கடலோசை எட்டாத அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்களின் ஓடைக்கரைகளிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கிரிட்டேஷியஸ் காலத்துச் சமுத்திரம் விட்டுச்சென்ற சிப்பிகளும் சங்குகளும் கல்லாகிக் கிடக்கின்றன. அங்குள்ள அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என ஹென்றி பிளான்போர்டு மூன்றாக வகுத்து 1862ஆம் ஆண்டு நூலில் விவரித்ததும், அவற்றின் உயிரெச்சங்களை ஸ்டோலிச்கா வருணித்ததும் பூகர்ப்ப சாஸ்திரத்தின் அரும்பணிகள். ஆயினும் கல்லிலிருந்து கடலைக் கண்டறியும் இம்முறை எந்த அளவுக்குப் பிரமாணமாகும் என்பது தனியே ஆராயத்தக்கது.

முதலில் அதன் வலிமையைக் காண்போம். இடையீடின்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகள், ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக இருந்த சூழல்களையே காட்டுகின்றன என்று ஜெர்மானிய அறிஞர் யோகன்னஸ் வால்தர் 1894இல் நிறுவிய நியதியே இதன் அடித்தளம். அலை புரளும் கரையோரத்தில் பருமணலும், அமைதியான ஆழத்தில் களிமண்ணும், நிலத்துச் சேறு எட்டாத தெளிந்த நீரில் சுண்ணாம்பும் படிவது இன்றும் பிரத்தியட்சம். அவ்வகையில் காரை என்னும் ஊரின் களிமண்ணில் கிடைக்கும் அம்மோனைட்டு, பெலம்னைட்டு ஆகிய கடலுயிர்களின் எச்சங்கள் திறந்த கடலையும், கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லின் தடித்த ஓட்டுச் சிப்பிகள் ஆழமற்ற கடலையும், கல்லமேட்டு மணற்கல்லின் டைனோசர் எலும்புகள் ஆறு பாய்ந்த நிலத்தையும் குறிக்கின்றன. மணலின் பருமனும் படிவின் சாய்வும் உயிரெச்சங்களும் தனித்தனிச் சாட்சிகளாக நின்று ஒன்றையே கூறும்போது, கடல் வந்ததையும் விலகியதையும் மறுப்பது எளிதன்று.

எனினும், ஒரு பொருள் கிடைக்கும் இடமே அது வாழ்ந்த இடம் என்று கொள்ளும் அவசரம் இம்முறையோடு உடன்பிறந்த குறை. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டு கூறிய சாத்தனூர்க் கல்மரத்தைப் பாருங்கள்; ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள அம்மரம், கடலில் படிந்த அடுக்குகளின் நடுவே கிடக்கிறது. அடுக்கை விட்டு மரத்தை மட்டும் நோக்குபவர் அங்கே காடு இருந்ததென்பார். அடுக்கையும் சேர்த்து நோக்குபவரோ நிலத்தில் வளர்ந்த மரம் வெள்ளத்தால் கடலுக்கு அடித்து வரப்பட்டுப் புதையுண்டதென்பார். காரையின் ஜிப்சமும் இவ்வாறே மயக்கும்: கடல்நீர் வற்றிய உப்பங்கழியில் ஜிப்சம் படியும் என்பது உண்மையே, ஆனால் இங்கே அது அடுக்குகளை ஊடறுத்து ஓடும் நரம்புகளாகவும் காணப்படுவதால், களிமண் படிந்து இறுகிய பின்னரே அந்நரம்புகள் தோன்றியிருக்க வேண்டும்.

காலத்தை அளப்பதில் குறை இன்னும் பெரிது. ஒரு புயல் ஒரே நாளில் முழ உயர மணலைக் குவித்துவிடலாம். அதன்பின் ஆயிரம் ஆண்டுகள் எதுவும் படியாமலோ, படிந்தது அரிக்கப்பட்டோ போகலாம். கணக்கிடும் கால அளவு நீள நீளப் படிவின் வேகம் குறைந்து தோன்றுவதைப் பீட்டர் சாட்லர் 1981இல் எடுத்துக்காட்டினார். ஆகவே அடுக்கின் தடிப்பைக் கொண்டு ஆண்டுகளை எண்ணுவது, இல்லாமற்போன ஏடுகளையும் இருப்பனவாகக் கருதிப் படிப்பதற்கு ஒப்பாகும்.

காரணம் கூறுவதிலும் எச்சரிக்கை வேண்டும். கடல் உயர்ந்தாலும் நிலம் தாழ்ந்தாலும் கரை நிலத்தை நோக்கி நகரும் விதம் கல்லில் ஒன்றுபோலவே பதிகிறது. உலகக் கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கங்களைப் பீட்டர் வெயிலும் அவர்தம் குழுவினரும் 1977இல் வரைந்தளித்தனர். அவ்வழியில் பின்னர் விரிந்த அட்டவணையோடு, எண்களைத் தற்செயலாக எடுத்தமைத்த கற்பனை அடுக்குகளும் பெரிதும் பொருந்திவிடுவதை ஆண்ட்ரு மயல் 1992இல் காட்டினார். எதனோடும் பொருந்தும் அட்டவணை எதையும் நிரூபிப்பதில்லை.

இவற்றைச் சீர்தூக்கின், சூழல்களின் வரிசையையும் அண்மையையும் உரைப்பதில் இம்முறை நம்பத்தக்கது. உயிர்கள் வாழ்ந்த இடத்தை, அவற்றின் எச்சங்கள் வந்து சேர்ந்த விதத்தை விசாரித்த பின்னரே கூறவல்லது. காலத்துக்கும் காரணத்துக்கும் பிற சான்றுகளின் துணையை நாடுவது. பிளான்போர்டின் பகுப்பு, பின்வந்தோரால் பலவாறு நுணுக்கப்பட்ட போதிலும் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. அது கண்ணால் கண்ட அடுக்கு வரிசையின்மீது எழுந்ததே அதற்குக் காரணம். கண்டது இது, அனுமானித்தது இது என்று பிரித்தெழுதும் ஆய்வாளனே, தன் கருத்து பிழையாய் முடிந்தாலும், பின்வருவோர்க்குப் பயன்படுவான்.