செவனின் பின்புறத்துக்கு எது பொருந்தும்?

வீட்டுக் கராஜில் கார் கட்டும் ஆங்கிலேயர்களுக்கு 1957இல் காலின் சாப்மன் தந்த லோட்டஸ் செவன்தான் இன்றும் மூலப்படி. 1996இல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகம், அந்தச் சாயலில் ஒரு காரை 250 பவுண்டுக்கே கட்டலாம் என்று ஆசை காட்டியது. பின்புறச் சஸ்பென்ஷனுக்கு அவர் சொன்னது பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் லைவ் ஆக்ஸில்: டிஃபரன்ஷியலும் இரு சக்கரங்களும் ஒரே உறுதியான கட்டு.

அதன் பலம் வெளிப்படையானது. ஆலையிலேயே நேராக்கி வந்த உருப்படி. கட்டுபவர் சக்கரக் கோணத்தைக் கெடுக்க வழியே இல்லை. வளைவில் கார் சாய்ந்தாலும் டயர் தரையில் முழுதாகப் படிந்திருக்கும். "லேசான காருக்கு இது போதாதா?" என்பார்கள். லேசான கார் என்பதாலேயே போதாது என்பேன். டிஃபரன்ஷியலின் எடை முழுவதும் ஸ்பிரிங்குக்குக் கீழே கிடக்கிறது. கனமான கார் அதைத் தாங்கிக்கொள்ளும்; 550 கிலோ காரை ஒரு சின்ன மேடுகூட உதறிவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு வேறு ஒரு பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும்.

காகிதத்தில் வெல்வது, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரு கைகளால் தனித்தனியே தாங்கும் டபுள் விஷ்போன். ஆனால் பக்கத்துக்கு நான்கு பிடிமானப் புள்ளிகளைச் சேஸிஸில் பற்றவைக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் அவை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே, சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்பும். வேகமான வளைவில் பின்சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்புவதைவிட ஆபத்து ஏது? ஃபோர்டு சியராவின் செமி டிரெய்லிங் ஆர்ம் இன்னும் மோசம். டிஃபரன்ஷியலை மட்டும் கழற்றிக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

அந்த டிஃபரன்ஷியலைச் சேஸிஸில் பூட்டி, இரு சக்கரங்களையும் ஒரு வளைந்த குழாயால் இணைப்பதுதான் டி டியான். (உருவாக்கியவர் ட்ரெப்பார்டூ, பெயர் கிடைத்ததோ முதலாளிப் பிரபுவுக்கு.) சக்கரங்கள் நிமிர்ந்தே நிற்கும், ஸ்பிரிங்குக்குக் கீழான எடை குறையும், முறுக்குத் தொல்லையும் போகும். குழாய் வெல்டிங்கில் கோணினாலும், ஹப்புக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடு வைத்து நேராக்கலாம். பிறகு எவ்வளவு ஏறி இறங்கினாலும் அந்தக் கோணம் பெரிதாக மாறாது. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் சாயும் குறை மட்டும் மிஞ்சும். ரேஸ் டிராக்கில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு டி டியானுக்கே. பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5இன் பின் சப்ஃபிரேமை அப்படியே பூட்டும் வகையில் சேஸிஸ் வரைபவர் மட்டும் விஷ்போனுக்குப் போகலாம். அங்கே புள்ளிகளை அளந்தது மாஸ்டா ஆலை.