மாலுமியின் கைபேசியும் மன்னார்க் கடலும்

கடலின் அசைவைப் படமாக்க வருகிறவர்கள் இப்போது முதலில் ட்ரோனைத்தான் பறக்கவிடுகிறார்கள். மும்பையின் ‘கேம்ப்’ கலைக்குழு மாலுமிகளின் கைபேசியை நம்பியது. ஷைனா ஆனந்த், அசோக் சுகுமாரன் முதலானோரின் அந்தக் குழு 2013இல் வெளியிட்ட ‘ஃப்ரம் கல்ஃப் டு கல்ஃப் டு கல்ஃப்’ படம் 83 நிமிடம் ஓடும். கட்ச் வளைகுடாவிலிருந்து பாரசீக, ஏடன் வளைகுடாக்களுக்கு மரக்கலங்களில் சரக்கேற்றிப் போகிறவர்கள் எடுத்து, பிடித்த பாட்டைச் சேர்த்து, தங்களுக்குள் கைமாற்றிக்கொண்ட காட்சிகளால் ஆனது அது.

கரையில் நின்று எடுத்தால் கப்பல் ஆடும், அடிவானம் நிற்கும். இங்கே கலம் உருள உருள அடிவானமே சரிகிறது. மலிவுக் கேமராவில் அலை கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. அந்தச் சிதறலைத் துடைக்காமல் விட்டது பெரிய துணிச்சல். வேகம் பார்ப்பவரின் வயிற்றில் உணரப்படுகிறது.

ஆனால் பாட்டு பல இடங்களில் காற்றையும் இயந்திரத்தையும் விழுங்கிவிடுகிறது. ஏக்கம் இனிக்கிறது, கூலி எவ்வளவு, சரக்கு யாருடையது என்று கேட்கத் தோன்றுவதில்லை. விளக்கும் குரல் இல்லாததால் கடல் எல்லையற்ற வெளியாகவே மனதில் தங்குகிறது. இந்தக் குறை எனக்குச் சிறியதாகப் படவில்லை.

இலங்கையின் மன்னாரில் அந்த முறையை வைத்துப் பார்த்தால் ஏனென்று புரியும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1974, 1976 இந்திய–இலங்கை ஒப்பந்தங்கள் இந்தக் கடலில் எல்லைக்கோடு கிழித்தன. மன்னார்த் தீவின் பேசாலை மீனவர் வலை விரித்த இடத்தில் அக்கரை இழுவைப்படகு வந்தால் வலை போகும். கோட்டைத் தாண்டிய தமிழகத் தொழிலாளி இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுவார். நாளும் இடமும் இல்லாத காட்சி இங்கே பாதி உண்மைதான். அவற்றைச் சேர்த்தாலோ, எடுத்தவருக்கே அது வினையாகலாம்.

அதற்காக ட்ரோனுக்குத் திரும்ப வேண்டாம். மன்னார்த் தீவிலுள்ள தம்பபவனி காற்றாலை மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் மேலிருந்து அழகாகத்தான் சுழலும். மழைவெள்ளம் வடியாமல் நிற்கிறது என்று கீழே ஊரவர் சொல்லும் குறை அந்த உயரத்துக்கு எட்டாது.

மன்னாரைப் படைப்பாக்க நினைக்கும் இளங்கலைஞர்களே, கைபேசியைத் தொழிலுக்குப் போகிறவரிடமே கொடுங்கள். எந்த நாள், எந்தக் கடல் என்பதை வெளியிடுவதா, மறைப்பதா என்று அவரே முடிவு செய்யட்டும். காற்றின் இரைச்சலைப் பாட்டால் மூடாதீர்கள். முடிந்த படத்தைக் கொழும்புக் காட்சிக்கூடத்துக்கு முன்னால் பேசாலையில் திரையிடுங்கள்.