கலிபோர்னியாச் சமன்பாடும் இலுப்பைக்கடவைக் கடலும்

சோளகம் எழும் காலத்தில் மன்னார்த் தீவின் தென்கடல் கொந்தளிக்க, வடபுறத்தே பாக்குநீரிணையை நோக்கிய இலுப்பைக்கடவைக் கரை ஒப்பளவில் அமைதியாயிருக்கும். வாடை பிறந்ததும் நிலைமை மாறும். தென்கரையிற் பயின்ற காற்றுக்குறியை வடகரையில் அப்படியே கொள்பவன் ஏமாறுவான். பட்டறிவில் விளைந்த விதி, தான் விளைந்த இடத்தையும் தன்னுள் கொண்டே வருகிறது. மசகெண்ணெய்ப் பொறியியலில் வழங்கும் அனுபவச் சமன்பாடுகளும் இந்நோக்கிலேயே மதிப்பிடற்பாலன.

நிலத்தின் ஆழத்தில், உயர் அமுக்கத்தில், எண்ணெய் தன்னுள் வாயுவைக் கரைத்து வைத்திருக்கும். அமுக்கம் ஒரு குறித்த எல்லைக்குத் தாழும்போது முதற்குமிழ் தோன்றும். மூடி திறந்த சோடாப் போத்தலில் நிகழ்வதும் இதுவே. வாயு பிரிய எண்ணெய் சுருங்கும். ஆழத்திலுள்ள ஒரு பீப்பாய் மேலே எவ்வளவாகும் என்பதும், ஆகவே இருப்பின் மதிப்பும், இத்தன்மைகளைப் பொறுத்தன. கிணற்றடி மாதிரியை ஆய்வுகூடத்திற் சோதிப்பதே நேரிய வழி. அது இல்லாதவிடத்து, கரைந்த வாயுவின் அளவு, வாயுவின் ஒப்படர்த்தி, எண்ணெயின் அடர்த்தி, வெப்பநிலை ஆகிய நான்கினைக்கொண்டு குமிழ்நிலை அமுக்கத்தைக் கணிக்கும் முறையை 1947இல் ஸ்டாண்டிங் வகுத்தார்.

எளிமை அதன் பெருஞ்சிறப்பு. அதன் அடித்தளமோ கலிபோர்னியாவின் 22 எண்ணெய்-வாயுத் தொகுதிகளிலிருந்து பெற்ற 105 அளவீடுகளே. சராசரிப் பிழை 4.8 வீதம் என்பது அவ்வெண்ணெய்களைப் பற்றிய உண்மை. பிற மண்ணுக்கு உத்தரவாதமன்று. எண்ணெயின் வேதியியல் அமைப்பு அந்நான்கினுள் இல்லை. அடர்த்தி ஒன்றே அதற்குப் பதிலாளாய் நிற்கிறது. மெழுகு மிக்க எண்ணெயும் மெழுகு குறைந்த எண்ணெயும் ஒரே அடர்த்தியுடையனவாயிருந்தும் வேறுவேறாய் நடக்கக்கூடும். குறை இங்கேதான் உளது. 1980இல் கிளாசோ வடகடல் எண்ணெய்களுக்கும், 1988இல் அல்-மர்ஹூன் மத்திய கிழக்கு எண்ணெய்களுக்கும் வேறு சமன்பாடுகள் ஆக்க நேர்ந்தமை தற்செயலன்று.

இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பதைத் தமிழ் மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. மன்னாரிலோ இலக்கணம் கைக்கு வந்துவிட்டது, இலக்கியத்தைத்தான் காணோம். 1970களிற் சோவியத் உதவியுடன் பேசாலையில் துளையிட்டும் வணிகப் பயன் தரும் எண்ணெய் கிட்டவில்லை. 2011இல் மன்னார்ப் படுகையின் டொராடோ, பராகுடாக் கிணறுகளில் கெயர்ன் நிறுவனம் கண்டது பெரும்பாலும் இயற்கை வாயு. திரவம் கலந்த வாயுத் தேக்கத்தில் அமுக்கம் தாழும்போது தோன்றுவது குமிழன்று, துளி. அதனைக் குமிழ்நிலைச் சமன்பாட்டால் அளக்க முனைவது அகப்பாட்டுக்குப் புறத்துறை வகுப்பதையொக்கும்.

இலுப்பைக்கடவைக்கு எதிரேயுள்ள பாக்குநீரிணை காவேரிப் படுகையைச் சார்ந்தது. அப்படுகையின் தமிழகப் பகுதியில், நரிமணம் போன்ற இடங்களில், எண்ணெய் கண்டறியப்பட்டுள்ளது. எச்சமன்பாடு அவ்வெண்ணெய்க்கு எவ்வளவு பிழைக்கின்றது என முதலில் ஒப்பிட்டறிவது, கலிபோர்னியாவிலிருந்து நேரே தாவுவதினும் ஏற்புடைத்து. ஆயினும் அயற்கரை எண்ணெய் இக்கரை எண்ணெயாகிவிடாது. வெப்பநிலையை வெறுங் கிணற்றிலும் அளக்கலாம். ஏனைய மூன்றும் எண்ணெய் மேலே வந்தாலன்றி அளக்கப்படா.