தொகுத்தலும் விரித்தலும்: பாத்திரமேற்கும் ஆட்டம் ஒன்றின் இரு பதிப்புகள்

வழிநூலை நால்வகையாகப் பகுக்கும் தொல்காப்பிய மரபியல், தொகுத்தலையும் விரித்தலையும் முதற்கண் வைக்கிறது. இலக்கணத்திற்கு வகுக்கப்பெற்ற இப்பாகுபாடு விதிகளால் இயங்கும் பிற நூல்களுக்கும் பொருந்தும். ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடையுருட்டி விளைவறியும் மேசை ஆட்டங்களின் விதிநூல்கள் அத்தகையன. அவற்றுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட மூன்று சிறு நூல்களை முதனூல் எனக் கொண்டால், 1977 முதல் 1979 வரை வெளிவந்த 'அட்வான்ஸ்டு' வரிசை அதனை விரித்தது. 1977இல் தோன்றி, 1981இல் டாம் மோல்ட்வேயால் திருத்தியமைக்கப்பெற்ற 'பேசிக்' பதிப்பு அதனைத் தொகுத்தது.

'அடிப்படை', 'உயர்நிலை' என்னும் பொருள்தரும் இப்பெயர்கள், முன்னது சிறார்க்கும் பின்னது வல்லார்க்கும் உரியன என்ற மயக்கத்தைத் தருகின்றன. (நம் இலக்கணச் சுருக்கங்களையும் நாம் இப்படித்தான் மதிப்பிட்டு வருகிறோம்.) நூல்களுக்குள் புகுந்தால் நிலைமை வேறு. மோல்ட்வேயின் பொதுவிதியில், எந்தப் படைக்கலம் தாக்கினும் சேதத்தை ஓர் அறுமுகப் பகடையே முடிவுசெய்யும். விரிநூலிலோ அது கலந்தோறும் மாறும்; எதிரியின் உருவளவிற்கேற்பவும் மாறும்; கவசத்திற்கேற்பத் தாக்குதலின் வாய்ப்பைத் திருத்த ஓர் அட்டவணையும் உண்டு. விதி சொல்லாத செயலை ஆட்டக்காரர் செய்ய முனைந்தால், பொருத்தமான திறனெண்ணைக் கொண்டு இருபதுமுகப் பகடையால் தீர்க்கலாம் என்பது மோல்ட்வேயின் அறிவுரை. அவருடைய 64 பக்கங்களில் விடுபட்டவை மறைந்துபோகவில்லை. நடத்துநரின் தீர்ப்புக்கு இடம்மாறியுள்ளன. கைகாக்ஸ் வேண்டியது ஊர்தோறும் ஆட்டம் வேறுபடாத ஒருமை. ஆகவே எளிய நூலே நடத்துநரிடம் மிகுதியான பயிற்சியை எதிர்பார்க்கிறது எனலாம்.

எனினும், தொகுத்தலில் எதை எதனோடு சேர்ப்பது என்ற தேர்வும் அடங்கும். 1981ஆம் ஆண்டுப் பதிப்பில் மனிதப் பாத்திரம் போர்வீரர், சமயகுரு, மந்திரவாதி, திருடர் என்னும் நான்கு தொழில்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். குள்ளர், 'எல்ஃப்', 'ஹாஃப்லிங்' ஆகியோருக்கு அவ்வுரிமை இல்லை. அவர்தம் இனமே அவர்தம் தொழில். தொடக்கநிலையாளர் இருமுறை தேர்ந்தெடுக்கும் தொல்லை இதனால் நீங்குகிறது என்பது உண்மையே. ஆயினும் குலத்தையும் தொழிலையும் ஒன்றாக்கும் விதியைத் தமிழ் வாசகர் வெறும் வசதியாகக் கடந்துசெல்ல இயலாது. விரிநூல் இவ்விரண்டையும் பிரித்தது; ஆனால் மனிதரல்லாதார் பல தொழில்களில் குறிப்பிட்ட படிநிலைக்கு மேல் உயரத் தடைவிதித்தது. அத்தடை 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில்தான் நீங்கியது.

பாகமேற்று நடித்தலைப் பேச்சுப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் தமிழாசிரியர்களுக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. வாய்மொழி வளம் பெருக எளிய பதிப்பே ஏற்றது: அட்டவணையைத் தேடும் நேரம் பேச்சுக்குக் கிடைக்கிறது, "நான் கூரையிலிருந்து குதிக்கிறேன்" என்னும் மாணவர் ஏன், எப்படி என்பதையும் தமிழில் விளக்கியாக வேண்டும். ஆனால் அவ்வகுப்பு செந்தூலில் நடைபெறுவதாகக் கொள்வோம். அங்கிருந்த இரயில்வே பட்டறையைச் சார்ந்து வளர்ந்த அவ்வட்டாரம், தமிழகத் தமிழர் உடலுழைப்பிற்கும் இலங்கைத் தமிழர் எழுத்தர் பணிக்கும் உரியோர் எனக் குடியேற்ற ஆட்சி வகுத்த காலத்தைக் கண்டது. இனத்தைப் பொருளாதாரப் பணியோடு அடையாளப்படுத்தும் நிலையை அகற்றுவதே 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையின் இரு நோக்கங்களுள் ஒன்று. அந்நோக்கம் எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு ஆய்வு. அதே அடையாளத்தை விளையாட்டு விதியாக மாணவர் கையில் கொடுப்பது தகாது.

மோல்ட்வேயின் நூலை எடுத்துக்கொண்டு அந்த ஒரு விதியை மட்டும் விரித்துக்கொள்வதே என் பரிந்துரை. தொகைவிரி என்று மரபியல் மூன்றாவதாகச் சுட்டுவதும் இதுவே. இனத்தை ஒரு தாளிலும் தொழிலை மற்றொரு தாளிலும் எழுதச் செய்தால் போதும். கூடுதலாகத் தேவைப்படுவது அரைப் பக்கம்.