விளையாட்டரங்கும் விசாரணை மன்றமும்

விளையாட்டு உடலுக்கு உரம் ஊட்டுவது. உள்ளத்திற்கு ஒழுங்கைக் கற்பிப்பது. ஓடுகின்றவன் தன் கால்களின் வலிமையால் ஓடுகின்றான், பந்தை அடிக்கின்றவன் தன் தோளின் வலிமையால் அடிக்கின்றான் என்னும் நம்பிக்கையே பார்வையாளரை அரங்கிற்கு அழைத்து வருகின்றது. அந்நம்பிக்கையை வேரோடு அறுப்பது ஊக்க மருந்து. அதனைத் தடுத்தல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தடுக்க வேண்டியவர் யார் என்பதில்தான் வேறுபாடு எழுகின்றது. ஆட்டத்தை நடத்தும் கழகங்களே தம் வீட்டைத் தாமே துப்புரவு செய்துகொள்ள வேண்டும் என்பர் ஒரு சாரார். கழகங்கள் கடமை தவறும்பொழுது மக்களின் பேராளர்களாகிய சட்டமன்ற உறுப்பினர்கள் தலையிட்டு விசாரிக்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார்.

இவ்விரு கருத்துகளையும் எடைபோடுவதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் பேஸ்பால் ஆட்டம் தக்க சான்றாக அமைகின்றது. 2005ஆம் ஆண்டிலும் 2008ஆம் ஆண்டிலும் அந்நாட்டுக் காங்கிரசின் கீழவைக் குழு ஒன்று தொழில்முறைப் பேஸ்பாலில் புகுந்த ஊக்க மருந்துச் சிக்கலை வெளிப்படையாக விசாரித்தது. குழு ஒன்றே, பொருளும் ஒன்றே. ஆயினும் முதல் விசாரணை பயன் விளைத்தது. இரண்டாம் விசாரணை பூசலை விளைத்தது. இவ்வேறுபாட்டிற்குரிய காரணத்தை அறிந்தால், சட்டமன்றத்தின் கடமை எது, அக்கடமையின் எல்லை எது என்பன தாமே விளங்கும்.

சிக்கல் வளர்ந்த வரலாறு

ஸ்டீராய்டு என வழங்கப்பெறும் மருந்துகளுள் ஒரு வகை, ஆணின் உடலில் இயல்பாகச் சுரக்கும் சுரப்புநீரை ஒத்த செயற்கைப் பொருளாகும். அது தசையைப் பெருக்கும். கடும் பயிற்சியால் களைத்த உடல் விரைவில் மீள உதவும். அதற்கு உடல் கொடுக்கும் விலையோ பெரிது. ஈரலும் இதயமும் கேடுறும். வளரும் பருவத்தினர் உட்கொண்டால் எலும்பின் வளர்ச்சி முன்கூட்டியே நின்றுவிடலாம். பழகியவர் திடீரென நிறுத்தினால் கடுமையான மனச்சோர்வு பற்றக்கூடும். இக்கேடுகளைக் கருதியே அமெரிக்கக் காங்கிரசு 1990ஆம் ஆண்டில் ஸ்டீராய்டுகளைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்துச் சட்டம் இயற்றியது.

ஆயின் அதே காங்கிரசு 1994ஆம் ஆண்டில் மற்றொரு சட்டத்தை இயற்றி, துணையுணவுப் பொருள்களின் விற்பனைக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. உடலுக்குள் சென்றபின் ஆண்மைச் சுரப்புநீராக மாறத்தக்க ஆண்ட்ரோஸ்டீன்டயோன் என்னும் பொருள் இத்தளர்வினால் கடைகளில் தடையின்றி விற்கப்பட்டது. பேஸ்பால் நிருவாகமும் அதனைத் தடை செய்யவில்லை. ஒலிம்பிக் இயக்கமோ அதனைத் தடை செய்திருந்தது.

அதே 1994ஆம் ஆண்டில் ஆட்டக்காரரின் வேலைநிறுத்தத்தால் பேஸ்பாலின் இறுதித் தொடரே கைவிடப்பட்டது. மனம் கசந்த பார்வையாளர் அரங்குகளை விட்டு விலகினர். அவர்களை மீண்டும் ஈர்த்தது 1998ஆம் ஆண்டின் போட்டியாகும். பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து நான்கு தளங்களையும் சுற்றிவரும் ஹோம் ரன் அடியில், 1961ஆம் ஆண்டில் ரோஜர் மாரிஸ் 61 அடித்து நிலைநாட்டிய சாதனையை மார்க் மக்குவயர், சாமி சோசா ஆகிய இருவரும் அவ்வாண்டில் முறியடித்தனர். மக்குவயர் 70 அடித்தார். சோசா 66 அடித்தார். அப்பருவத்திலேயே மக்குவயரின் பெட்டியில் ஆண்ட்ரோஸ்டீன்டயோன் குப்பி இருந்ததைச் செய்தியாளர் ஒருவர் கண்டு எழுதினார். எனினும் கைதட்டல் ஓயவில்லை. 1998 உட்படப் பல ஆண்டுகளில் தாம் ஸ்டீராய்டு பயன்படுத்தியதை மக்குவயர் 2010ஆம் ஆண்டு சனவரியில்தான் ஒப்புக்கொண்டார்.

இவ்வரலாற்றை நோக்குவார்க்கு இரண்டு உண்மைகள் புலனாகும். வருவாய் பெருகிய காலத்தில் ஆட்டத்தை நடத்தியோர் கண்ணை மூடிக்கொண்டனர் என்பது ஒன்று. கதவைத் திறந்துவிட்டதில் சட்டம் இயற்றியோர்க்கும் பங்கு இருந்தது என்பது மற்றொன்று.

உரிமையும் எல்லையும்

தனியார் நடத்தும் ஆட்டத்தில் அரசுக்கு என்ன வேலை என்று வினவுவாரும் உளர். இவ்வினாவிற்கு விடை 1922ஆம் ஆண்டின் தீர்ப்பு ஒன்றில் உள்ளது. வணிக ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாண்டில் தீர்ப்பளித்தது. ஆட்டக்காரரின் பணி தொடர்பான பகுதியில் மட்டும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் காங்கிரசு அச்சலுகையைக் குறைத்தது. ஏனையவற்றை அப்படியே விட்டுவைத்தது. ஏனைய தொழில்களுக்கு இல்லாத சலுகையை நாட்டின் சட்டத்தினிடமிருந்து பெற்ற ஒரு தொழில், அச்சட்டத்தை இயற்றும் மன்றத்தை நோக்கி, ‘உமக்கு இங்கு என்ன வேலை?’ என்று கேட்டல் பொருந்தாது.

உரிமை உண்டு என்பதனால் அஃது எல்லையற்றது என்று கொள்ளலாகாது. 1957ஆம் ஆண்டில் வாட்கின்ஸ் என்பாரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்வெல்லையை வரையறுத்தது. காங்கிரசின் விசாரணை சட்டம் இயற்றும் பணியோடு தொடர்புடையதாக இருத்தல் வேண்டும். ஒருவரை அம்பலப்படுத்துவதற்காகவே அம்பலப்படுத்தும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை. அது காவல் துறையும் அன்று, நீதிமன்றமும் அன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். பொதுவுடைமையர் எனச் சந்தேகிக்கப்பட்டோரை விசாரணைக் குழுக்கள் அலைக்கழித்த காலத்தில் எழுந்த தீர்ப்பு அது. விளையாட்டு விசாரணைகளை மதிப்பிடுதற்கும் இதுவே தகுந்த அளவுகோலாகும்.

2005: ஏடுகளை விசாரித்த மன்றம்

2005ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் நடந்த விசாரணையில் மக்குவயர், சோசா, ரஃபேல் பல்மேரோ, ஹோசே கான்செக்கோ முதலிய புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் அழைப்பாணையின் பேரில் உறுதிமொழி எடுத்துச் சான்றளித்தனர். கடந்த காலத்தைப் பற்றிப் பேசத் தாம் வரவில்லை என்றார் மக்குவயர். தாம் ஸ்டீராய்டைத் தொட்டதே இல்லை என்று சுட்டுவிரலை நீட்டிச் சாதித்தார் பல்மேரோ. ஐந்து திங்கள் கழியுமுன், ஸ்டனசலால் என்னும் ஸ்டீராய்டு அவருடைய உடலில் இருந்தது சோதனையில் வெளிப்பட்டு, 10 நாள் தடை பெற்றார்.

நாட்டு மக்களின் நினைவில் தங்கியவை இக்காட்சிகளே. ஆனால் அவ்விசாரணையின் உண்மையான பயன் இவற்றில் இல்லை. குழுவினர் பேஸ்பாலின் மருந்துச் சோதனை விதிகளை எழுத்து வடிவில் கேட்டுப் பெற்றனர். முதன்முறை பிடிபடுவோர்க்கு 10 நாள் தடை என்று வெளியில் பறைசாற்றப்பட்டிருந்தது. ஏட்டிலோ தடைக்கு மாற்றாக 10,000 டாலர் வரையிலான அபராதத்தோடு விட்டுவிடவும் இடம் இருந்தது! கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் ஆட்டக்காரனுக்கு இத்தொகை ஒரு பொருட்டன்று. சொல்லுக்கும் ஏட்டுக்கும் இருந்த இம்முரண்பாட்டைக் குழுவினர் நிருவாகத்தின் முன்னும் ஆட்டக்காரர் தொழிற்சங்கத்தின் முன்னும் எடுத்து வைத்தனர். ஸ்டீராய்டைப் பயன்படுத்திப் பின்னர்த் தம் உயிரை மாய்த்துக்கொண்ட இளம் ஆட்டக்காரர் இருவரின் பெற்றோரும் அம்மன்றத்தில் பேசினர். பள்ளித் திடலில் நிற்கும் சிறுவன் அரங்கில் நிற்கும் வீரனைப் பார்த்தே நடக்கின்றான் என்பதை அவர்தம் சொற்கள் நாட்டுக்கு உணர்த்தின.

விளைவு விரைந்து வந்தது. கடுமையான சட்ட முன்வரைவுகள் காங்கிரசில் எழுந்தன. தாமே விதியை மாற்றாவிடில் சட்டம் வந்து மாற்றும் என்பதை உணர்ந்த நிருவாகமும் சங்கமும் அவ்வாண்டு நவம்பரில் உடன்பாடு கண்டன. முதன்முறை 50 ஆட்டங்கள், இரண்டாம் முறை 100 ஆட்டங்கள், மூன்றாம் முறை வாழ்நாள் தடை எனத் தண்டனை உயர்ந்தது. 2014ஆம் ஆண்டில் முதலிரு தண்டனைகளும் முறையே 80 ஆட்டங்கள், 162 ஆட்டங்கள் என மேலும் உயர்ந்தன. பல ஆண்டுகள் நடந்த உள்பேச்சுகள் சாதிக்காததைச் சட்டமன்றத்தின் கண்டிப்பு எட்டுத் திங்களில் சாதித்தது.

2008: மனிதனை விசாரித்த மன்றம்

2006ஆம் ஆண்டில் பேஸ்பால் நிருவாகம், முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செலிடம் இச்சிக்கலை ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தது. அவருக்கு அழைப்பாணை விடுக்கும் அதிகாரம் இல்லை. ஆதலால் ஆட்டக்காரருள் மிகப் பெரும்பாலோர் அவரைச் சந்திக்கவே மறுத்தனர். எனினும் 2007 டிசம்பர் 13ஆம் நாள் அவர் வெளியிட்ட அறிக்கையில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரரின் பெயர்கள் இடம்பெற்றன. அவர்களுள் ஒருவர், சிறந்த பந்துவீச்சாளர்க்குரிய சை யங் விருதினை 7 முறை வென்ற ரோஜர் கிளெமென்ஸ். அவருக்குத் தாமே ஊசி போட்டதாக அவருடைய முன்னாள் பயிற்றுநர் பிரையன் மெக்னமி கூறியிருந்தார். கிளெமென்ஸ் அதனை மறுத்தார்.

2008 பிப்ரவரி 13ஆம் நாள் கீழவைக் குழு இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்தி விசாரித்தது. அன்று எழுந்த வினா, எந்தச் சட்டம் தேவை என்பதன்று. இவ்விருவருள் பொய்யர் யார் என்பதே. குடியரசுக் கட்சியினர் பலர் பயிற்றுநரைச் சாடினர். சனநாயகக் கட்சியினர் பலர் ஆட்டக்காரரைச் சாடினர். உண்மையைத் தேடும் மன்றத்தில் கட்சி எல்லைக்கோடு குறுக்கிட்டது. பொய்ச்சான்று அளித்தார் என 2010ஆம் ஆண்டில் கிளெமென்ஸ் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2011இல் தொடங்கிய முதல் விசாரணை, அரசுத் தரப்பினர் செய்த தவற்றினால் இடையிலேயே செல்லாததாயிற்று. மறு விசாரணையின் இறுதியில், 2012 சூன் 18ஆம் நாள், அவர்மீது சாட்டப்பட்ட 6 குற்றங்களினின்றும் அவர் விடுவிக்கப்பட்டார். நான்கு ஆண்டுகள் கழிந்தன, பொதுப்பணம் செலவாயிற்று, ஊக்க மருந்தைத் தடுக்கும் விதி ஒன்றேனும் இதனால் பிறக்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழை தமிழ் பயில்வோர் அனைவரும் அறிந்ததே. குற்றம் சாட்டிய பொற்கொல்லனின் சொல்லையே சான்றாகக் கொண்டு அவன் தண்டனை விதித்தான். அதிகாரம் உடையவன் நீதிபதியின் இருக்கையிலும் அமரும்பொழுது, முறைப்படி ஆராயும் பொறுமை இல்லையெனில் என்ன நேரும் என்பதற்கு அக்காப்பியம் என்றும் சான்றாக நிற்கின்றது. கட்சி சார்ந்த உறுப்பினர்கள், சில நிமிடங்களே கிடைக்கும் வினா நேரத்தில், ஒளிப்படக் கருவிகளின் முன் ஒரு மனிதனின் குற்றத்தை முடிவு செய்ய முயல்வதும் அத்தகைய இடர்ப்பாடு உடையதே.

கனடா காட்டிய வழி

தனி மனிதரின் செயலை ஆராய்ந்தே தீர வேண்டிய நிலை வந்தால் செய்யத்தக்கது யாது? கனடா நாடு இதற்கு வழி காட்டியது. 1988ஆம் ஆண்டு சோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தை 9.79 வினாடியில் ஓடிய பென் ஜான்சன், பல்மேரோவின் உடலில் பின்னாளில் கண்டறியப்பட்ட அதே ஸ்டனசலால் மருந்தினால் பதக்கத்தை இழந்தார். கனடிய அரசு, சார்லஸ் டூபின் என்னும் நீதிபதியின் தலைமையில் விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது. அது தொழில்முறை ஆட்டம் பற்றிய விசாரணை அன்று. எனினும் முறை ஈண்டு நோக்கத்தக்கது. சான்றாளர்கள் உறுதிமொழி எடுத்தனர். வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணை செய்தனர். பயிற்றுநரும் மருத்துவரும் வினவப்பட்டனர். 1989ஆம் ஆண்டு சூனில் ஜான்சன் உண்மையை ஒப்புக்கொண்டார். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கை, ஓடியவர்மீது மட்டும் பழியைச் சுமத்தவில்லை. போட்டி நாளில் மட்டும் செய்யும் சோதனை போதாது என்பதையும், விளையாட்டு அமைப்புகள் தம் கடமையில் தளர்ந்ததையும் எடுத்துரைத்தது. அரசு ஆணையிட்டது, நடுவுநிலை உடையவர் ஆராய்ந்தார்.

முடிவுரை

தொழில்முறை விளையாட்டில் ஊக்க மருந்துப் பயன்பாட்டைச் சட்டமன்றத்தார் விசாரிக்கலாம். கழகங்கள் உறங்கும்பொழுது விசாரிக்கவும் வேண்டும். ஆனால் அவர்கள் விசாரிக்க வேண்டியது விதியை, மனிதனை அன்று. சோதனை முறை எவ்வாறு உள்ளது, தண்டனை ஏட்டில் உள்ளவாறு நடைமுறையில் உள்ளதா, தடைப்பட்ட பொருள் கடையில் கிடைப்பது எப்படி, அதற்கு இடந்தந்த சட்டம் எது என்பவையே அம்மன்றத்திற்குரிய வினாக்கள். குற்றம் செய்தவன் யார் என்னும் வினா நீதிமன்றத்திற்கும் நடுவுநிலை ஆணையத்திற்கும் உரியது.

இவ்வளவுகோலால் அளந்தால் அமெரிக்கக் காங்கிரசின் பணி இன்னும் நிறைவுறவில்லை என்பது தெரியவரும். 2020ஆம் ஆண்டு டிசம்பரில் சட்டமான ராட்சென்கோவ் ஊக்க மருந்துத் தடைச் சட்டம், பன்னாட்டுப் போட்டிகளில் ஊக்க மருந்துச் சதி செய்வோர்க்கு 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழி செய்தது. ஆட்டக்காரனை விட்டு, அவன் பின்னிருந்து இயக்குவோரைப் பிடிக்கும் நல்ல நோக்கம் உடையது அது. ஆயினும் அந்நாட்டுத் தொழில்முறைக் கழகங்கள் தமக்குள் நடத்தும் ஆட்டங்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. ஒளிப்படக் கருவிகளின் முன் வீரர்களை வினவிய மன்றம், அவ்வீரர்களை இயக்கும் கழகங்களைச் சட்டத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

விசாரணையின் வெற்றி, எத்தனை வீரர் தலைகுனிந்தனர் என்பதால் அளக்கப்படுவதன்று. அவ்விசாரணைக்குப் பின் விளையாட வரும் இளைஞன், மருந்தை நாடாமலே வெல்லலாம் என்னும் துணிவோடு திடலில் இறங்குகின்றானா என்பதே அதன் உரைகல்லாகும்.