தனிமைச் சொற்களும் அவற்றின் சுற்றமும்

டாஃபடில் மலர்களைப் பற்றிய வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதையைப் பள்ளிப் பருவத்தில் படித்த நம்மில் பெரும்பாலோர், அதன் முதலடியிலேயே வந்து நிற்கும் ‘லோன்லி’ என்ற பதத்திற்குத் ‘தனிமையில் வாடி’ என்று பொருள் கொண்டு, கவிஞர் ஏதோ ஒரு விசனத்தோடு ஏரிக்கரையில் அலைந்தார் என்றும், மலர்களைக் கண்டமாத்திரத்தில் அவ்விசனம் அகன்றது என்றும் நெடுங்காலம் நம்பிவந்திருக்கிறோம். நானும் அவ்வாறே நம்பியிருந்தவன். அந்த வாட்டம் அச்சொல்லோடு உடன்பிறந்ததன்று, வெகுகாலம் கழித்து அதனுள் வந்து குடிபுகுந்தது என்பதை அறிந்த பின்னரே, தனித்திருத்தலைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து அதன் பூர்வோத்தரத்தை விசாரிக்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று.

இக்குடும்பத்தின் மூதாதை ‘அலோன்’. முழுமையைக் குறிக்கும் ‘ஆல்’ என்ற சொல்லும் ஒன்று என்னும் எண்ணுப்பெயரும் ஒட்டிப் பிறந்த அச்சொல்லுக்கு ‘முழுக்க ஒன்று’ என்பதே மூலார்த்தம். நாம் ‘தன்னந்தனியே’ என்று அடுக்கிச் சொல்லும்போது எந்த அழுத்தம் பிறக்கிறதோ, அந்த அழுத்தம் ஒருகாலத்தில் அதில் இருந்தது. ஒன்று என்பதை இன்று ‘வன்’ என்று உச்சரிக்கும் ஆங்கிலேயர், அதன் பழைய ‘ஓன்’ என்னும் ஒலியை ‘அலோன்’, ‘ஓன்லி’, ‘அட்டோன்’ முதலிய சொற்களில் மட்டும் தம்மை அறியாமலே காத்துவருகின்றனர். இவற்றுள் ‘அட்டோன்’ என்பது பிணங்கியவர் மீண்டும் ஒன்றாதலையும், அதன் வழியே பிராயச்சித்தத்தையும் குறிப்பது. பிரிந்து நிற்பதற்கும் கூடி இணைவதற்கும் ஒரே எண் வேராக நிற்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பிற்காலத்தில் ‘அலோன்’ என்பதன் முதலெழுத்து உதிர்ந்து ‘லோன்’ ஆயிற்று. அதன் தலையில் எஞ்சி நிற்கும் லகரமே, பழைய ‘ஆல்’ என்ற முழுச்சொல்லின் மிச்சம். ‘அலோன்’ பெயருக்கு முன் அடைமொழியாய் நில்லாது, ‘லோன்’ பயனிலையாய் நில்லாது என்னும் இலக்கண வரம்பும் இவற்றிடையே உண்டு. இரண்டிலும் உணர்ச்சி இல்லை, எண்ணிக்கையே உண்டு. ‘அவனே அறிவான்’ என்று நாம் ஏகாரத்தால் பிரித்துக் காட்டுவதைக்கூட ஆங்கிலேயர் ‘அலோன்’ என்ற சொல்லைக் கொண்டே காட்டுவர்.

‘லோன்’ என்பதிலிருந்து ‘லோன்லி’ கிளைத்தபோதும் அதில் துயரம் ஏறிவிடவில்லை. ஷேக்ஸ்பியரின் கோரியலேனஸ் ரோமாபுரியைவிட்டு வெளியேறும்போது, காண்பார் இன்றிப் பேச்சில் மட்டும் அஞ்சப்படுகின்ற சதுப்புநிலத்து டிராகனுக்குத் தன்னை ஒப்பிட்டு, அந்த மிருகத்திற்கு இந்த அடைமொழியைத் தருகிறான். அங்கே தொனிப்பது ஏக்கமன்று, கர்வமே. ஹாம்லெட் நாடகத்திலோ, தன் மகள் ஒஃபீலியாவின் கையில் ஒரு ஜெபநூலைக் கொடுத்து நிறுத்தும் பொலோனியஸ், அவள் ஒற்றையாய் இருப்பதற்கு அது ஒரு காரணமாய்த் தோன்றட்டும் என்ற கருத்தில் ‘லோன்லினெஸ்’ என்கிறான்; துணையின்றி நிற்றல் என்ற புறநிலைக்கு மேல் அவன் அதில் ஒன்றும் ஏற்றவில்லை. மில்டன் நள்ளிரவில் விளக்கெரியும் ஒரு கோபுரத்தை ‘லோன்லி’ என்கிறார். அங்கே அச்சொல் ஸ்தலத்திற்கு உரியது. ஆளரவமற்ற இடத்தின் தன்மை மெல்ல மெல்ல அங்கே இருப்பவன் நெஞ்சுக்குள் இறங்கி, துணையில்லாமையால் உண்டாகும் மனவாட்டம் என்ற அர்த்தம் திரண்டு தெளிவானது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பைரன் முதலிய கவிகள் எழுதிய காலத்தில்தான்.

அதற்கு முன் ஆங்கிலேயர் தனிமையால் வருந்தவில்லை என்று யாரேனும் கொள்வாராயின் அது பெரும் பிழை. 10-ஆம் நூற்றாண்டில் எழுதப்பெற்று எக்ஸிடர் பேராலயத்தில் இன்றும் காக்கப்படுகின்ற பழைய ஆங்கில ஏட்டுத் தொகுதியில், ‘அலைபவன்’ என்று பிற்காலத்தார் பெயரிட்ட ஒரு பாடல் இருக்கிறது. தன் தலைவனையும் சுற்றத்தையும் இழந்து, பனி உறைந்த கடலில் துடுப்புப் போட்டுத் திரியும் ஒருவன், தலைவனைத் தழுவி நிற்பதாகக் கனாக்கண்டு விழித்து, எதிரே நீராடும் கடற்பறவைகளையும் பெய்யும் உறைபனியையும் காண்கிறான். அவனுக்கு அப்பாடல் இடும் பெயர் ‘ஆன்ஹகா’, ஒற்றையாய் உறைபவன் என்பது. இன்று பரிதாபத்துக்குரியவனைக் குறிக்கும் ‘ரெச்’ என்ற சொல்லும், பழைய பாஷையில் நாடு கடத்தப்பட்டவனைக் குறித்ததேயாகும். ஆக, அக்காலத்து வேதனைக்கு ஒரு காரணமும் ஒரு பெயரும் இருந்தன: இன்னாரை இழந்தேன், இன்ன மண்ணை இழந்தேன் என்று அவன் விரல்விட்டு எண்ணிச் சொல்லக்கூடும். ‘ஃபர்லார்ன்’ என்ற சொல்லுக்கும் இழந்துபோனது என்பதே வேர்ப்பொருள். 1819-இல் கீட்ஸ் தம் நைட்டிங்கேல் பாடலில் ஒரு பத்தியின் கடைசிச் சொல்லாகவும் அடுத்ததன் முதற்சொல்லாகவும் அதை நிறுத்தி, அதன் மணியோசையாலேயே கற்பனை கலைந்து எழுகிறார். இக்காலத்து ‘லோன்லி’க்கோ இழந்த பொருள் எதுவும் வேண்டியதில்லை, நிறைந்த வீட்டிலும் நெரிசல் மிகுந்த வீதியிலும் அது வரும். அதன் புதுமையும் கொடுமையும் அதுவே.

லத்தீன் வழிவந்த கிளை வேறு குணமுடையது. ‘சாலிடியூட்’, ‘சாலிட்டரி’, ‘டெசொலேட்’ மூன்றும் ‘ஸோலுஸ்’ என்ற ஒரே அடியிற் பிறந்தவை. ‘டெசொலேட்’ என்பது மனிதர் நீங்கிய நாட்டுக்கும் உற்றார் நீங்கிய மனிதனுக்கும் ஒருங்கே பொருந்தும். அதை ‘பாழ்’ என்று தமிழாக்கினால் பெரிதும் பிழையிராது. ‘சாலிட்டரி’யின் கதை அவ்வளவு எளிதன்று. ஹுவான் பெர்னாண்டஸ் தீவில் 1704 முதல் 1709 வரை ஒருவராய் வாழ்ந்த செல்கிர்க் என்ற மாலுமியின் சரித்திரத்தைத் தழுவியதென்று கருதப்படும் ‘ராபின்ஸன் குரூஸோ’ 1719-இல் வெளிவந்தபோது, டிஃபோ தம் நாயகனின் வாழ்வுக்குத் திரும்பத் திரும்பச் சூட்டிய அடைமொழி இதுவே. அதில் பயமும் உண்டு, சில இடங்களில் நிறைவும் உண்டு. ஒரு நூற்றாண்டு சென்றபின் அச்சொல் சிறைச்சாலைக்குள் நுழைந்தது. துறவிகள் தம் சிற்றறையில் தனித்திருந்து மனம் திருந்தியதைப்போலக் கைதிகளும் திருந்துவர் என்று நல்லெண்ணத்தோடு நம்பியவர்கள், 1829-இல் பிலடெல்பியா நகரில் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையைத் திறந்து, ஒவ்வொருவனுக்கும் ஓர் அறையும் கூரையில் ஒரு சாளரமும் அளித்து, வெளியே அழைத்துச் செல்லும்போது பிறர் முகம் காணாதபடி தலையையும் மூடினார்கள். மடத்து அறைக்கும் சிறை அறைக்கும் ஆங்கிலத்தில் ‘செல்’ என்ற ஒரே பெயர். 1842-இல் அச்சிறையைப் பார்வையிட்ட டிக்கன்ஸ், உடலை வதைக்கும் எந்தச் சித்திரவதையைக் காட்டிலும் இது கொடியது என்று மனம் நொந்து எழுதினார். அறை ஒன்றே, தானே விரும்பிப் புகுந்தவனுக்கு அது ‘சாலிடியூட்’, தள்ளிப் பூட்டப்பட்டவனுக்கு ‘சாலிட்டரி’. விருப்பம் என்ற ஒன்று இடையே நின்று இச்சகோதரச் சொற்களைப் பிரித்துவிட்டது.

‘ஐசொலேட்டட்’ என்பது தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கரையேறியது; மனிதனைத் தீவோடு ஒப்பிட மறுத்து ஜான் டன் 1624-இல் எழுதியபோது அச்சொல் அப்பாஷையில் வழங்கவேயில்லை. வைத்தியருக்கும் விஞ்ஞானிக்கும் உரிய குளிர்ச்சி அதில் உண்டு. ‘லோன்ஸம்’ அதற்கு நேர்மாறானது. அமெரிக்க நாட்டுப்புறத்தின் வெளியும் இரவும் அதில் ஒலிக்கும். மார்க் ட்வெயினின் ஹக் என்ற சிறுவன் தன் ஏக்கத்தைச் சொல்லத் தேடிக்கொண்டது அதுவே. 2018-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் தனிமைத் துன்பத்தைக் கவனிக்க ஓர் அமைச்சரை நியமித்தபோது அப்பொறுப்புக்கு வைத்த பெயர் ‘லோன்லினெஸ்’. பொலோனியஸ் தன் மகளிடம் அலட்சியமாய் உச்சரித்துவிட்டுத் திரைக்குப் பின் மறைந்த அதே சொல்.

தமிழில் ‘தனிமை’ என்ற ஒரு சொல்லே இத்தனையையும் சுமக்கிறது. ‘சாலிடியூட்’ என்பதற்கு ‘ஏகாந்தம்’ எனலாம். அது இனிது என்று ஔவையின் பெயரால் வழங்கும் பாடல் ஒன்று நமக்குப் பழக்கிவைத்திருக்கிறது. பிரிந்திருப்பவரைச் சங்கப் புலவர் ‘தமியர்’ என்று சொன்ன சொல்லில் உள்ள நோவை ‘லோன்லி’க்குத் தரலாம் என்று சிலகாலம் எண்ணினேன். ஆனால் தமியருக்கு வருவார் ஒருவர் உண்டு. அக்காத்திருத்தல் ஆங்கிலச் சொல்லில் இல்லை.

வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதையிலோ இந்த நோவுக்கே இடமில்லை. பள்ளத்தாக்குகளுக்கு மேலே ஒற்றையாய் மிதக்கும் மேகத்துக்கு அவர் தம்மை உவமித்தாரேயன்றி வாடினேன் என்று சொல்லவில்லை. உண்மையில், 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அம்மலர்களைக் கண்டபோது அவர் ஒருவராய் இருக்கவுமில்லை. உடன் நடந்த தங்கை டாரதி அன்றைய நாட்குறிப்பில் ‘நாங்கள்’ என்றே எழுதி வைத்திருக்கிறார். ஈராண்டு கழித்துக் கவிதை பிறந்தது, 1807-இல் அச்சேறியது. அதன் இறுதிப் பகுதியில் ‘சாலிடியூட்’ என்ற சொல் வரும் இரண்டு அடிகளைத் தந்தவர் அவர் மனைவி மேரி. கவிதையிலேயே சிறந்த அடிகள் அவ்விரண்டுமே என்று கவிஞர் சொல்லியிருக்கிறார்.