வேட்டிக்குப் பின்னால் எம்.டி.ஆர்.

நண்பர் ஒருவர் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து ஸ்பீக்கர் வாங்கப் போகிறார். 'எது நல்லாருக்குன்னு நீயும் வந்து கேட்டுச் சொல்லு' என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். டெசிபல்? ம்ஹூம். ஆனாலும் போனேன். காது இருக்கிறதே!

போன இடம், பழைய ஸ்பீக்கர்கள் சேர்க்கும் ஒருவர் வீடு. ஹாலில் இரண்டு ஜோடி. ஒன்று, 1957-ல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் கொண்டுவந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாடிக். பார்த்தால் ரூம் ஹீட்டர் மாதிரி இருக்கும். பெட்டியே கிடையாது. துளை போட்ட தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் அதிரும், அவ்வளவுதான். இன்னொன்று, எழுபதுகளில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ. ஓர் அடி உயரம். ஷூ டப்பாவை நிமிர்த்தி வைத்த மாதிரி.

எம்.டி.ராமநாதனைப் போட்டார். குவாடில் அவருக்கும் எனக்கும் நடுவே எதுவுமே இல்லை. தம்புராவின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனி. ஆனால், நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினால் மாயம் கலைகிறது. மிருதங்கத்தின் தொப்பி 'கும்'மென்று இறங்க வேண்டிய இடத்தில் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது.

சின்னப் பெட்டி வேறு ரகம். வேனுக்குள் உட்கார்ந்து பேச்சுக் குரலைச் சரிபார்க்கச் செய்தது. அதனால், குரல் நெஞ்சிலிருந்து வருகிறது. இத்தனூண்டு பெட்டிக்கு ஏது இவ்வளவு கனம்? 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே லேசாக ஒரு மேடு உண்டு. அதைக் கேட்டு, அதற்குக் கீழேயும் ஏதோ இருப்பதாகக் காது நினைத்துக்கொள்கிறது. பொய்தான், ஆனால் அழகான பொய்.

நண்பர் குவாடுக்கு ஓட்டுப் போட்டார். நானும்தான். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு மெல்லிய வேட்டியைக் குறுக்கே கட்டினார். மீட்டர் வைத்து இரண்டின் சத்தத்தையும் சமமாக்கினார். (இது ரொம்ப முக்கியம். ஒரு டெசிபல் கூடினாலே காது அதைத்தான் 'கிளியர்' என்று சொல்லும். அமெரிக்காவின் கிளிப்ஷ்ஹார்ன், அதே ஒரு வாட்டில் இந்தச் சின்னப் பெட்டியைவிட சுமார் 20 டெசிபல் அதிகம் கத்தும். ஈடுகட்ட 100 மடங்கு பவர் வேண்டும். கடையில் இரண்டையும் ஒரே வால்யூமில் போட்டுக் காட்டினால், எழுந்து வந்துவிடுங்கள்.)

இப்போது குரலுக்கு எது? 'இதான் குவாடு, சந்தேகமே இல்ல' என்று நண்பர் கை நீட்டியது சின்னப் பெட்டியை! நானும் அதையே காட்டியிருந்தேன்.

1994-ல் ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் இதைத்தான் சோதித்தார்கள். அதே ஸ்பீக்கர்கள், மறைத்து ஒரு தடவை, காட்டி ஒரு தடவை. கண்ணில் பட்டதும் விலை கூடிய பெரிய பெட்டிகளுக்கு மார்க் ஏறியது. சின்ன, மலிவான செட்டுக்கு இறங்கியது.

அதற்காக எல்லாம் மனப்பிரமை என்று நான் சொல்லவில்லை. தம்புரா மட்டும் ஒலித்தபோது, வேட்டிக்குப் பின்னாலும் குவாடை இருவருமே சரியாகச் சொன்னோம்.

நண்பர் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. குவாட் முன்னால் பாடுகிற அளவுக்குப் பின்னாலும் பாடும். சுவரை விட்டு மூணடியாவது தள்ளி வைக்க வேண்டும். 'அப்போ டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவுலதான் வரும்' என்றேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லையாம். டெபாசிட் உடையாமல் இருக்கிறது.